பாசி பிடித்த வருஷம்

போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் மாதாப்பூரில் தம்பி மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவளும் அவள் புருஷனும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் சுவர், சோபா, சாப்பாட்டு மேஜை எல்லாம் வெள்ளை. கூடத்தின் ஓரத்தில் மட்டும் பச்சையாக ஒரு பெட்டி நின்றது. மீன்தொட்டி என்றார்கள். மீன் எங்கே என்று கேட்டால் மாப்பிள்ளை டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது.

"கிட்ட போகாதீங்க அத்தை, ஸ்மெல் வருது. இன்னிக்கு ஃபுல் தண்ணியையும் மாத்திடப் போறோம். மருந்து ஒண்ணு வேற வாங்கி வெச்சிருக்கு" என்றாள் தம்பி மகள்.

"வேண்டாம்!" என்றேன். நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"அத்தை, இது உங்க வார்டு இல்ல" என்று சிரித்தாள். நர்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகிறது. தொண்டைக்கு மட்டும் யாரும் அதைத் தெரிவிக்கவில்லை.

அவள் சொன்ன அந்த நாற்றத்தை நான் கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். ஊறிய புல்லும் மழைக்காலக் கிணறும் கலந்த வாசனை. கூடவே லைசால் நெடியும் வந்தது. அந்த வீட்டில் லைசால் கிடையாது. என் மூக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது. பாசி என்றால் லைசாலும் இருந்தாக வேண்டும் என்று ஒரு வருஷம் முழுக்க அதைப் பழக்கியிருக்கிறேன்.

அப்போது நான் செகந்தராபாத் திருமுல்கேரியில் ஒரு சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதராஸில் படிப்பை முடித்துவிட்டு, கஞ்சி போட்ட தொப்பி தலையில் நிற்காமல் நாலு பின் குத்திக்கொண்டு திரிந்த காலம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்தார். நிஜாம் ஆட்சி இன்னும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி மூட்டை கட்டிய ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவிதான் அந்தத் தொட்டியை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். இரும்புச் சட்டம், பக்கத்துக்கு ஒரு கண்ணாடி, அடியில் பலகைக் கல். உள்ளே மணல், ஒரு கல், நாடா மாதிரி நீளமாக வளரும் நீர்ப்புல், நத்தைகள், சில தங்கமீன்கள். நாலு பேர் தூக்கி வந்து வார்டின் கிழக்கு ஜன்னலோரம் வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் அழகாக இருக்கும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எதையும் ஜன்னலோரம் வைத்தால் அழகு என்பது என் கொள்கை. தலைமுடியை உலர்த்துவதிலிருந்து ஊறுகாய் வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

குளிர்காலம் முடியும்போது ஜைனப் வந்து சேர்ந்தாள். பழைய நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வயசுதான். முதுகெலும்பில் காச நோய். இப்போது மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. அப்போது இருந்த ஒரே வைத்தியம் அசையாமல் கிடப்பது. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை மாவுக்கட்டுப் போட்டு மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். மாசக் கணக்கில். எங்கள் டாக்டரம்மா தெலுங்குக்காரர், உயரமானவர், நடந்து வந்தால் வார்டு ஜன்னல்களே நிமிர்ந்து நிற்கும். "கதலொத்து!" என்பார் ஜைனபிடம். அசையாதே என்று அர்த்தம். "அசைஞ்சா எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தும். அப்புறம் கால் ரெண்டும் உனக்கு இல்லை."

ஜைனபால் அசையாமல் இருக்க முடியாது. பிறவியே அப்படி. நடந்துகொண்டே பாடம் நடத்துகிறவளாம். முதல் வாரத்திலேயே மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பொடியாக்கிவிட்டாள். தலையைத் திருப்ப முடியாது, மேலே பார்த்தால் ஓட்டுக் கூரை. "சிஸ்டர், அந்த மூணாவது ஓட்டை ஒரு தடவை மாத்திப் போடச் சொல்லு. பார்த்துப் பார்த்து எனக்கு அதுமேல விரோதம் வந்துடுச்சு" என்பாள். நாங்கள் பேசிக்கொண்டது உருதுவில். அவளுடையது ஹைதராபாத் உருது. என்னுடையது ரயில்வே காலனி உருது, பாதி தெலுங்கு, கால் இங்கிலீஷ், மீதி தைரியம். ஆனால் இப்போது யோசித்தால் அவள் பேசியதெல்லாம் எனக்குத் தமிழில்தான் கேட்கிறது.

அப்பாவின் சவரக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்து, அவள் தலைமாட்டில் ஒரு இரும்புக் கம்பியில் சாய்த்துக் கட்டினேன். கண்ணாடியில் மீன்தொட்டி தெரிந்தது. அன்றைக்குக் கை சுரண்டுவதை நிறுத்தியது. பெரிய தங்கமீனுக்கு 'நவாப் சாப்' என்று பெயர் வைத்தாள். சாப்பிடுவதும் தூங்குவதும் தவிர அதற்கு வேலையில்லை என்பதால். காலையில் கண் விழித்ததும் நவாப் சாப் எழுந்தாச்சா என்று வார்டு முழுக்க விசாரணை நடக்கும். டாக்டரம்மாவே ஒரு நாள் ரவுண்ட்ஸில் நின்று, "மருந்து கண்ணாடிப் பெட்டியில இருக்கு போல" என்றார்.

வெயில் ஏறத் தொடங்கியதும் தொட்டி பச்சையாயிற்று. முதலில் தொட்டிக் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம். பிளேடால் சுரண்டினேன். பிறகு தண்ணீரே பச்சை, கல்லின்மேல் சேமியா மாதிரி நூல் நூலாகப் பாசி. அவளுடைய கண்ணாடியில் மீன் போய்விட்டது, ஒரு பச்சைச் சதுரம் மட்டும். விரல் மறுபடியும் மாவுக்கட்டைச் சுரண்ட ஆரம்பித்தது. வெளியே ஊரும் அப்போது அப்படித்தான் இருந்தது. நிஜாம் இந்தியாவோடு சேர மறுத்திருந்தார், கலவரம் வரும் என்ற பயம். யாரைப் பார்த்தாலும் எங்கே போகலாம் என்ற பேச்சு. ரயில் வருமா, மருந்து வருமா, அந்தத் தெருவில் என்ன நடந்ததாம். யாரும் ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. நுனியில்தான் உட்கார்ந்தார்கள்.

பாசியை ஒழிக்கிறேன் என்று நாங்கள் செய்தது ஒன்றா இரண்டா! முழுத் தண்ணீரையும் இறைத்து மாற்றினோம். ஆயா யாதம்மா மணலைக் கூட அரிசி களைகிற மாதிரி களைந்து போட்டாள். இரண்டு நாள் பளிங்கு. பிறகு முன்னைவிடப் பச்சை. ஆஸ்பத்திரியில் எதற்கெடுத்தாலும் போடுகிற பெர்மாங்கனேட்டை ஒரு சிட்டிகை போட்டோம். ரோஜாப் பூ நிறமாகி, டீ நிறமாகி, மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. அவசர அவசரமாக வேறு தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து என்னைப் பார்க்க வந்த அப்பா தொட்டியைச் சுற்றி வந்தார். "ஏட்டி, மயில்துத்தம் போட்டாப் பாசி இருந்த இடம் தெரியாதுட்டி. நம்ம ஊருல கெணத்துக்கே போடுவாவ" என்றார். டாக்டரம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது. கம்பவுண்டர் நிறுத்துக் கொடுத்தார். பாசி உண்மையாகவே வெளுத்தது. நாங்கள் வெற்றி பெற்றுவிட்டோம் என்று யாதம்மா தொட்டிக்குத் திருஷ்டி கழித்தாள். மறுநாள் காலை நத்தைகளெல்லாம் செத்து அடியில் கிடந்தன. செத்த பாசியும் அவையும் சேர்ந்து அழுகிற நாற்றம். தண்ணீர் தெளிந்திருந்ததால் ஜைனபின் கண்ணாடியில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. நவாப் சாப் வயிற்றை மேலே காட்டி மிதந்துகொண்டிருந்தது.

"நவாப்!"

நான் வார்டின் மறு கோடியில் இருந்தேன். திரும்பினால், அவள் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்புகிறாள். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். மாவுக்கட்டு இடுப்பருகில் பிளந்துவிட்டது. ஓடிப் போய்த் தோளை அழுத்திப் படுக்க வைத்தேன். அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

டாக்டரம்மா வந்து ஒரு குண்டூசியால் பாதங்களில் குத்திப் பார்த்தார். வலது காலில் "ஹவ், ஆமா, தெரியுது" என்றாள். இடது காலில் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா மறுபடி குத்தினார். ஜைனப் கூரையைப் பார்த்துக்கொண்டு, "குத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

புதுக் கட்டுப் போட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா என்னிடம், "அந்தச் சனியனைத் தூக்கி வெளியே போடு. கண்ணாடியையும் கழட்டு" என்றார்.

"நக்கோ டாக்டர் சாப்" என்றாள் ஜைனப். வேண்டாம் என்று கெஞ்சுகிற தொனி இல்லை அதில், பள்ளிக்கூடத்தில் பேசுகிற தொனி. "கண்ணாடியை எடுத்தா நான் ஓட்டைப் பார்ப்பேன். ஓட்டைப் பார்த்தா சுரண்டுவேன். எனக்கு அதை விட்டா வேலை இல்லை. வேலை கொடுங்க. இவங்க எல்லாம் ஓடிக்கிட்டே தொட்டியைப் பார்க்கறாங்க. நான் ஒருத்திதான் நாள் முழுக்கப் பார்க்கறேன். இனிமே அதுக்கு நான் சொல்றதுதான். எத்தனை மீன் இருக்கு இன்னும்?"

"சின்னது கொஞ்சம் பிழைச்சிருக்கு" என்றேன்.

டாக்டரம்மா துவாலையில் கையைத் துடைத்தார். பிறகு, "ஒரு தடவை அசைஞ்சே, தொட்டி தெருவில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு மேலதிகாரிகள். ஜைனப் முதலில் எதுவும் செய்யவிடவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் கை பரபரக்கும், பிளேடை எடுப்பேன். "கைக்கு சிஸ்டர்? ஏன் இப்படி அலையறே? வை கீழே" என்பாள். 'கைக்கு' என்றால் அவள் உருதுவில் ஏன் என்று அர்த்தம். முதுகை உடைத்துக்கொண்டு எழுந்தவள் எனக்குப் பொறுமை சொன்னாள்! பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது. மேகமாக இருந்த நாட்களில் பச்சை குறைகிறது. பார்க்க வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் பிஸ்கட்டையும் ரொட்டியையும் பிய்த்துப் போடுகிறார்கள், மீன் தின்பது பாதி, மீதி அடியில் ஊறுகிறது. நீர்ப்புல் தழைத்த மூலையில் பாசி நூல் கிடையாது, வெறும் மணல் இருக்கிற பக்கத்தில்தான்.

தொட்டியை நகர்த்தலாம் என்றால் தண்ணீரோடு தூக்க முடியாது, சட்டம் பிரிந்துவிடும். ஜன்னல் பக்கம் மறைக்கக் கறுப்புத் துணி வேண்டும். "என் பெட்டியில் புர்கா இருக்கு. இந்த வருஷம் நான் எங்கே போகப் போறேன்? தொட்டி போட்டுக்கட்டும்" என்றாள். யாதம்மா அதை மடித்துத் தைத்துத் திரையாகக் கட்டினாள். மீனுக்குச் சாப்பாடு காலையில் ஒரு கிள்ளு. வேறு யாராவது கையை நீட்டினால் படுத்தபடியே ஒரு அதட்டல். ஒரு தாசில்தார் வீட்டு அம்மாள் பயந்துபோய்ப் பிஸ்கட்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். தண்ணீரை முழுசாக மாற்றுவது நின்றது, ஒரு குடம் எடுத்து ஒரு குடம் ஊற்றினோம், அதுவும் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பாறைகளுக்கு நடுவே ஒரு குண்டை இருந்தது. சின்னக் குளத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். அதில் முழங்கால் அளவு இறங்கி, வேலம்பாசி என்கிற நீர்ச்செடியும் நீர்ப்புல்லும் கை நிறையப் பிடுங்கி வந்து நட்டேன். அதிலும் பாசி என்றே பெயர் இருக்கிறதே என்று அப்பாவுக்குச் சந்தேகம். பாசியை விரட்டப் பாசியா! நூல் பாசியை மட்டும் சொரசொரப்பான வேப்பங்குச்சியில் சுற்றிச் சுற்றி இழுப்பேன். இடியாப்பம் மாதிரி வரும். அதற்கப்புறம் நான் பல மாசம் இடியாப்பம் சாப்பிடவில்லை.

உடனே தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மழைக்காலம் பூராவும் இழுத்தது. ஒரு வாரம் தெளியும், மறு வாரம் கலங்கும். இடது காலும் அப்படியே, ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

அந்த நாட்களில்தான் ஜைனபின் அண்ணன் வந்தான். ஒல்லியான மனிதன், தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசுவான். கராச்சிக்குப் போக முடிவு செய்துவிட்டான். ஸ்ட்ரெச்சரில் வைத்து எப்படியாவது கூட்டிப் போகிறேன் என்றான். டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ போ பாய்ஜான்" என்றாள் ஜைனப். "நடந்து வரேன்." அவன் வெளியே போய் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். உள்ளே அவள் என்னிடம், "அழறானா?" என்று கேட்டாள். கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து அப்பா கையில் துணிப்பையோடு வந்தார். காலனியில் பாதி வீடு பூட்டியாச்சு, மதராஸ் பக்கம் போகிற வண்டியில் எல்லாருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. "பொட்டியைக் கட்டுளா. இங்க இனி ஒரு நிமிசம் இருக்கப்படாது."

நான் குச்சியில் பாசி சுற்றிக்கொண்டிருந்தேன். போகத்தான் ஆசை. பொய் சொல்லக் கூடாது, அந்த மாசங்களில் தினமும் மனசுக்குள் நான் பெட்டி கட்டினேன், தினமும் அவிழ்த்தேன். வார்டில் இருந்தால் வீட்டைப் பற்றிப் பயம், வீட்டுக்குப் போனால் வார்டைப் பற்றிப் பயம். அப்போது பின்னாலிருந்து ஜைனப், "சிஸ்டர், யாதம்மாவைக் கூப்பிடு. கட்டில்ல எறும்பு. கால்ல கடிக்குது" என்றாள்.

"எந்தக் கால்ல?"

"இடது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. யாதம்மா போர்வையை விலக்கித் தேடினாள். எறும்பு கிடையாது. நான் தொப்பியிலிருந்து ஒரு பின்னை உருவிப் பாதத்தில் குத்தினேன். "யா அல்லா! மெதுவா!" என்று கத்தினாள். யாதம்மா சிரிக்கிறாள், ஜைனப் அழுகிறாள், நான் ஈரக் கையோடு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடுகிறேன். அப்பா துணிப்பையோடு நடுவில் நின்றார்.

திரும்பி வந்து, "நான் வரலைப்பா" என்றேன்.

"மீனுக்காவா இருக்க?"

"மீனுக்கும்தான்."

அவர் தொட்டியையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்க மாட்டேங்கியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவையும் தம்பியையும் வண்டி ஏற்றிவிட்டு, மறுநாள் அவர் மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை விடுகிற நேரத்தில் இந்திய ராணுவம் வந்தது. திருமுல்கேரி ரோட்டில் வண்டி வண்டியாகப் போகிற சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது, தொட்டித் தண்ணீர் மேலே சின்னச் சின்ன வட்டம். நோயாளிகளில் சிலர் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையை விடவே இல்லை. ஜைனபால் எங்கும் புகுந்துகொள்ள முடியாது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மீனெல்லாம் புல்லுக்குள்ள போயிடுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். "வெளியே வந்தா சொல்றேன்." சாயங்காலமாக ஒவ்வொன்றாக வந்தன. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வார்டு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டைப் பிரித்தது குளிர்காலத்தில். உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, நிற்க வைத்து, அப்படி ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. முதன்முதலில் நடந்தபோது ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் யாதம்மா. எங்கே போகணும் என்று நாங்கள் கேட்கவில்லை. தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். தண்ணீர் அன்றைக்குத் தெளிவாக இருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாகக் கொஞ்சம் பச்சை, அது கடைசி வரை போகவில்லை. அவள் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"இது என் தொட்டி இல்லை."

நான் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேலம்பாசி இந்தப் பக்கம்தானே இருக்கணும்? கல்லு அந்தப் பக்கம். எல்லாம் திருப்பி இருக்கே!"

ஒரு வருஷமாகச் சவரக் கண்ணாடியில் பார்த்தவள். இடம் வலமாகவே எல்லாவற்றையும் மனசில் நட்டு வைத்திருந்தாள். புரிந்ததும் எங்கள் இரண்டு பேர் தோளையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பில் விழுந்துவிடப் போகிறாள் என்று டாக்டரம்மா வாசலிலிருந்து, "கதலொத்து!" என்று கத்தினார். பழக்கதோஷம்.

வெயில் காலம் வருவதற்குள் அவள் புறப்பட்டாள். பம்பாய் வரை ரயில், அங்கிருந்து கப்பல், கராச்சியில் அண்ணன். புர்காவைத் தொட்டியிலிருந்து அவிழ்க்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள், வெயில் வரப் போகிறதே. செகந்தராபாத் ஸ்டேஷனில் சின்னப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகிறாள், எனக்கு மூச்சு வாங்குகிறது. இடது கால் லேசாக இழுத்தது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாக என் தொப்பியைச் சரி செய்தாள். வண்டி நகரும் வரை பாசியைப் பற்றித்தான் பேசினோம். வேறு எதைத் தொட்டாலும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பல வருஷம் கடிதம் வந்தது. அங்கேயும் டீச்சர் வேலை. வகுப்பில் நடந்துகொண்டே பாடம் நடத்துவதாக எழுதியிருந்தாள். பிறகு இரண்டு நாட்டுக்கும் ஒரு சண்டை வந்து தபால் நின்றது. அந்தக் கப்பலும் நின்றுபோயிற்று. மறுபடி தபால் போக ஆரம்பித்தபோது நான் எழுதியதற்குப் பதில் இல்லை, விலாசம் மாறியிருக்கலாம். டாக்டரம்மா போய்விட்டார், யாதம்மா போய்விட்டாள். தொட்டியின் அடிக்கல் ஒரு கோடையில் விரிசல் விட்டு, வார்டு முழுக்கத் தண்ணீராகி, மீன்களை முகத்துவாலையில் பிடித்தோம். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்திருக்கிறது. பின்னால் இருந்த குண்டையை மண் கொட்டி மூடி, வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். நல்ல மழை பெய்தால் அந்த வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறதாம். எங்கிருந்து வருகிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியவில்லை.